மிஸ்ர சாபுக்குப் பின்பக்கம் வைத்த பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரேஷன் கடை மனுவும்தான். வரி கோணும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். நடுவில் மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் முதலாளியின் மகள் சுதா பாப்பா போன மாதம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் பாப்பாதான். பட்டறையில் வேலை பார்த்த பழைய ஆட்களெல்லாம் ஒரு நாள் கூடப்போகிறோம், அன்றைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரவேண்டும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டாள். நான் ஆட்டியது ‘மாட்டேன்’ என்பதற்கு. வாயைத் திறந்து சொல்லாததால் வந்த வினை. இப்படித்தான் எனக்கு எப்போதும் நடக்கும்.

போகும்போது அவள் தன் போனைக் காட்டினாள். சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் வரிசையாக எரிந்துகொண்டு ஓடின. "அத்தை, இது உங்க பெட்டிதான? போனுக்குள்ள வந்திடுச்சு பாருங்க" என்றாள். நான் புள்ளிகளை எண்ணினேன். ஏழு. முதலில் மூன்றா நாலா என்று பார்த்தேன். மூன்று. மனசு நிம்மதியானது. ஏன் நிம்மதி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பட்டறை ராஜபாளையத்தில், மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி அதற்கு முன் மில்களுக்குச் சுவிட்சு போர்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் வீட்டம்மா வீணை வாசிப்பார்கள். வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவது முதலாளியின் வேலை. அவர் பாதியில் தூங்கிவிடுவாராம். "தூங்காத மெசின் ஒண்ணு செஞ்சு வச்சுட்டு நீங்க நல்லாத் தூங்குங்க" என்று அம்மா சொன்ன கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் தாளப் பெட்டி.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அளவு இருக்கும். முகப்பில் குட்டி பல்புகள் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. பெட்டியைப் போட்டால் இடது கோடியிலிருந்து வலது பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துகொண்டு போகும். முதல் இடத்துக்கு மட்டும் ‘டிங்’ என்று மணி. சிவப்புக்கு ‘டொக்’, பச்சைக்கு ‘டிக்’. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. எந்தத் தாளம் வேண்டுமோ அந்த அட்டையைப் பெட்டியின் பக்கவாட்டில் செருகவேண்டும். ஆதி தாள அட்டையைச் செருகினால் நாலு சிவப்பு, இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு எரிந்து மறுபடி முதலுக்கு வரும். அட்டையை மாற்றினால் தாளம் மாறும். பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் கண்ணாலேயே தாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த அட்டைகளில் ஒயரை ஒட்ட ஈயத்தை உருக்கி வைப்பதுதான் நான் பதினான்கு வருடம் பார்த்த வேலை. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். தொழில் பழக மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் விரலைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எழுத வேண்டியது ஹவில்தார் ஐயாவைப் பற்றி. தங்கச்சாமி என்று பெயர். கான்சாபுரத்துக்காரர். பட்டாளத்தில் ரேடியோக்களைப் பழுதுபார்த்துவிட்டு ஓய்வாகி வந்தவர். எங்கள் பட்டறையில் செக்கிங் டேபிள் அவருடையது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் செய்து கொடுப்பதை அவர் பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியின் அடித்தகட்டில் வெள்ளைப் பெயிண்டால் ‘த’ என்று எழுதுவார். ‘த’ இல்லாத பெட்டி மாடிப்படி இறங்காது.

அவர் யாரையும் திட்ட மாட்டார். அதுதான் பயம். ஈயம் வைத்த இடம் பளபளவென்று குமிழாக நிற்காமல் மங்கலாகச் சொதசொதவென்று இருந்தால், சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வணக்கம்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அவ்வளவுதான். முதல் வாரத்தில் என் அட்டை ஒன்று ஒன்பது வணக்கத்தோடு வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்காரும் செல்வமேரி அதை வாங்கிப் பார்த்து, "ஏட்டி பேச்சி, கலெக்டருக்குக்கூட இம்புட்டு வணக்கம் கெடையாதுட்டி" என்றாள். அவளுக்கு வாய் ஓயாது. எனக்கு வாயே கிடையாது. அதனால்தான் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள் என்று நினைக்கிறேன். சராசரி பார்த்தால் சரியாக வரும்.

ஈயக் கம்பி தீர்ந்துபோனால் எனக்குக் கேட்கத் தெரியாது. கேட்க நாக்கு எழும்பாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஐயா இதை நாலு நாள் கவனித்தார். ஐந்தாம் நாள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்து என் மேசையில் திருகி வைத்தார். அதில் ஒரு சிவப்பு பல்பு, ஒரு பச்சை பல்பு, இரண்டு பொத்தான். "ஏம்மா, ஏதாச்சும் வேணும்னா செவப்பு. முடிஞ்சிட்டுன்னா பச்சை. பேச வேண்டாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து ஈயம் தீர்ந்து சும்மா உட்கார்ந்ததில்லை.

அவர் ஒரு பெட்டியைப் பாஸ் பண்ணுவது ஒரு பூஜை மாதிரி. முதலில் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு ஈயமாகப் பார்ப்பார். பிறகு பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு ஒயரையும் மெல்லத் தட்டுவார். ஒட்டாத ஒயர் அப்போது ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அட்டையைச் செருகி பல்பை எண்ணுவார். ஆதிக்கு எட்டு, ரூபகத்துக்கு ஆறு. பிறகு திருகை அறுபதில் வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளோடு பெட்டியைப் பத்து நிமிஷம் ஓடவிடுவார். முள்ளும் பல்பும் சேர்ந்தே போகவேண்டும். கடைசியாக, உச்சி சாய்ந்ததும் வெயில் சுள்ளென்று விழும் மேற்கு ஜன்னலில் ஒரு பகல் முழுக்க ஓடவிடுவார். "இந்த வெயில்ல நின்னுட்டா இது ராஜஸ்தான்லயும் நிக்கும்" என்பார். ராஜஸ்தானில் எங்கள் பெட்டியை யாரும் கேட்டதில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஐயாவுக்குத் தாளம் தெரியாது. எண்ணத்தான் தெரியும். எங்களில் யாருக்குமே தாளம் தெரியாது. செல்வமேரி சர்ச்சில் பாடுவாள். அவளே, "நாங்க எல்லாரும் ஆர்மோனியத்துக்குப் பின்னால ஓடுவோம், எங்களுக்கு எதுக்குட்டி பல்பு" என்பாள். ஆனால் நாள் முழுக்க நாலைந்து பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் இருந்தால் அது உடம்பில் ஏறிவிடும். மத்தியானம் சோற்றை ஆதி தாளத்தில் மென்றோம். மாடிப்படியை ரூபகத்தில் இறங்கி இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள்.

ஒரு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. கோமதி டீச்சர் என்பவர் அங்கே நிறையப் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மார்கழிக்குள் பன்னிரண்டு பெட்டி வேண்டும், அதில் மிஸ்ர சாபு அட்டையும் வேண்டும் என்று கேட்டிருந்தார். மிஸ்ர சாபு நாங்கள் அதுவரை செய்யாதது. ஏழு எண்ணிக்கை, முதலில் மூன்று, பிறகு நாலு. மூன்று சிவப்பு, நாலு பச்சை.

புதுத் தாளம் என்றால் முதலாளி ஒரு மெல்லிய கண்ணாடித் தாளில் படம் போட்டுத் தருவார். அதை எண்ணிக்கைக்கு ஒரு ஜோடித் துளை உள்ள அட்டை மேல் வைத்து, படத்தில் புள்ளி இருக்கிற துளையில் நான் ஈயம் வைக்கவேண்டும். மேல் துளை என்றால் சிவப்பு, கீழ்த் துளை என்றால் பச்சை. தாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். மூலையில் தாளத்தின் பெயர் இங்கிலீஷில் இருக்கும். இங்கிலீஷ் எனக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். அதனால் புதுத் தாள் வந்ததும், முதலாளி காட்டித் தரும் முன்பக்கத்தில், நான் என் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவேன். பொட்டுத் தெரிந்தால் முன்பக்கம். இது எனக்கும் தாளுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

மிஸ்ர சாபுத் தாளை முதலாளி கொண்டுவந்து என் மேசையில் வைத்தது ஆயுத பூஜை அன்று காலையில். வைத்துவிட்டு மதுரைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார். அன்றைக்கு வேலை இல்லை. கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பதுதான் வேலை. பேசாமல் வேலை பார்ப்பவள் என்று சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் ஆரம்பித்தேன். ஈயம் வைக்கும் கோல்கள், குறடு, கடிகாரம், ஜன்னல், முதலாளியின் நாற்காலி, ஐயாவின் சைக்கிள், அவர் சாப்பாட்டுத் தூக்கு, எல்லாவற்றுக்கும் வைத்தேன். செல்வமேரி, "ஏட்டி, நானும் மெசினு மாதிரிதான ஒழைக்கேன், என் ஸ்டூலுக்கும் ஒண்ணு வையி" என்றாள். அதற்கும் வைத்தேன். பூதக்கண்ணாடிக்கு நட்ட நடுவில் வைத்துவிட்டேன். அடுத்த வேலை நாளில் ஐயா ஒரு அட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "இந்த ஈயத்துல இம்புட்டுச் செவப்பா என்ன இருக்கு?" என்று செத்த நேரம் யோசித்தார்.

என் மேசையிலும் ஒரு தாள் இருந்தது. அதற்கும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தோம். தாளில் பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் முன்பக்கம். பன்னிரண்டு அட்டைக்கும் ஈயம் வைத்தேன். ஒரு ஈயம்கூட மங்கவில்லை, ஒரு வணக்கம்கூட வரவில்லை. ஐயா ஏழு எண்ணினார், ஏழு எரிந்தது. முள்ளோடு ஓடவிட்டார், ஓடியது. வெயிலில் வைத்தார், நின்றது. பன்னிரண்டு ‘த’ எழுதினார். பெட்டிகள் போய்விட்டன.

ஒரு அறிகுறி வந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பன்னிரண்டு பெட்டியும் ஓடிய அந்த வாரத்தில் வீட்டில் நான் தோசைக்கல்லைக் கரண்டியால் தட்டுவதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "என்னட்டி, ஒன் தட்டு நொண்டியடிக்கி? நல்லா நடந்து வந்து கடைசில காலைச் சுளுக்கிக்கிட்ட மாரி இருக்கு" என்றார். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். அந்த வருடமே வேறு இரண்டு பெட்டிகள் பஸ்ஸில் குலுங்கி ஒயர் விட்டுத் திரும்பி வந்திருந்தன. முதலாளி எரிச்சலில், "பாத்து அனுப்பியும் திரும்பி வருதுன்னா பாக்கறதுக்கு ஒரு ஆள் எதுக்கு? இனி ஒண்ணு வந்தா செக்கிங் டேபிளையே எடுத்துருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். ஐயாவின் மகன் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். கான்சாபுரத்து நிலத்தில் மழை பெய்தால்தான் விளைச்சல். இந்த வேலை அவருக்கு வேண்டியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததையெல்லாம் செல்வமேரி சொல்லிவிடுவாள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கீழே கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மேலே ஒரு சீட்டு. "உங்கள் மிஸ்ர சாபு தலைகீழாக வருகிறது. பன்னிரண்டு பெட்டியிலும் அப்படியே. பிள்ளைகள் குழம்பிப்போய்விட்டார்கள். மார்கழிக்கு அதிக நாள் இல்லை. கோமதி."

முதலாளி அட்டையைச் செருகிப் போட்டார். ஏழு எரிந்தது. அவருக்குச் சந்தேகம். அம்மாவை வரச்சொல்லி ஆள் விட்டார். அம்மா படியேறி வந்து, செத்த நேரம் பார்த்து, தொடையில் தட்டிப் பார்த்து, "ஏமண்டி, இது நாலு முன்னாடி வந்து மூணு பின்னாடி வருது. மூணுதான முன்னாடி வரணும்?" என்றார்கள்.

‘பின்னாடி’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தாளின் ஞாபகம் வந்தது. மெல்ல எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பொட்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு விளிம்பு. சந்தனம். என் பொட்டுக்குச் சந்தனம் கிடையாது. என்னுடையது வெறும் நெற்றிக் குங்குமம். அது பூஜைப் பொட்டு. கழுவித் துடைத்த அமளியில் தாள் குப்புறக் கிடந்திருக்கிறது. நான் அதன் முதுகில் பொட்டு வைத்திருக்கிறேன். முதுகை முகமென்று நம்பிப் பன்னிரண்டு அட்டை செய்திருக்கிறேன்.

முதலாளி பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் காட்டினார்.

"ஹவில்தார், இது உங்க எழுத்துதான?"

ஐயா எழுந்து விறைப்பாக நின்றார். "ஆமா சார்."

"பன்னெண்டுலயும்?"

"பன்னெண்டுலயும் சார்."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"இனி ஒண்ணு திரும்பி வந்தா செக்கிங் டேபிள் வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க சார்." பூதக்கண்ணாடியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். "கண்ணாடி பட்டறையோடது. பென்சில் என்னுது. அதை எடுத்துக்கிடுதேன்."

பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். தூக்கைக் கையில் எடுத்தார். அதில் நான் வைத்த பொட்டு பாதி அழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். செல்வமேரியாக இருந்தால் இந்நேரம் நாலு தடவை சொல்லியிருப்பாள். நான் சொல்வதற்குள் ஐயா வாசல்வரை போய்விட்டார். கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

பழக்கதோஷம் பாருங்கள். வேலை போய் வெளியே போகிற மனுஷர், சிவப்பு எரிந்ததும் நின்றுவிட்டார். திரும்பி என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, ஈயம் தீந்துட்டா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"பொறவு என்ன வேணும்?"

"நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

தாளை நீட்டினேன். "பொட்டு... பூஜையன்னைக்கு... பின்பக்கம் வச்சிட்டேன். முன்பக்கம்னு நெனச்சு ஈயம் வச்சேன். ஐயா மேல தப்பு இல்ல. அவியளை அனுப்பாதீங்க."

செல்வமேரி நெஞ்சில் கை வைத்து, "மாதாவே, இவளுக்குள்ள இம்புட்டுப் பேச்சு இருந்திருக்கே!" என்றாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். அவருக்குக் கோபம் போகவில்லை. ஆனால் யார்மேல் படுவது என்று இப்போது தெரியவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு.

ஐயாதான் பேசினார். "சார், இந்தப் பொண்ணு ஈயம் நல்லாத்தான் வச்சிருக்கு. தாள் திரும்பினது அது தப்பு. திரும்பினதைப் பாக்காதது என் தப்பு. ஏழு இருக்கான்னு பாத்தேன். எந்த ஏழுன்னு பாக்கல." சாக்பீஸை எடுத்தார். பெட்டியின் அடியில் தன் ‘த’வைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் ‘வணக்கம்’ என்று எழுதினார்.

முதலாளி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "ரெண்டு நாள்ல பன்னெண்டு அட்டை புதுசா செய்யுங்க. நீங்களே போயி மாத்திக் குடுத்துட்டு, அந்தம்மா கையால சரின்னு எழுதி வாங்கிட்டு வாங்க. டேபிள் கதையப் பொறவு பாப்போம்" என்றார்.

இரண்டாம் நாள் முடித்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு அட்டையையும் அம்மா தட்டிப் பார்த்த பிறகுதான் ஐயா எண்ணினார். மூன்றாம் நாள் காலையில் ஐயா, நான், எனக்குப் பதிலாகப் பேசுவதற்குச் செல்வமேரி, மூன்று பேரும் பஸ் ஏறினோம். திரும்பி வந்த பெட்டியை ஐயா குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். வழியில் செல்வமேரி, "ஐயா, அந்தம்மா எழுதித் தரமாட்டேன்னுட்டா என்ன செய்வீய?" என்று கேட்டாள். "அவிய தராட்டி பென்சில் பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

கோமதி டீச்சர் ஒல்லியான மனுஷி. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள், முன்னால் பெட்டிகள். நாங்கள் உள்ளே போனதும், "இதைச் செஞ்சது யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் செல்வமேரியின் முதுகுக்குப் பின்னால் போனேன். செல்வமேரி நகர்ந்துகொண்டாள். அவளை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு பெட்டியாகப் பழைய அட்டையை உருவினோம், புதியதைச் செருகினோம். டீச்சர் கையால் தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, "ம்" என்பார். ஐயா அடுத்ததற்குப் போவார். பன்னிரண்டு "ம்" ஆனதும் ஐயா முகம் தெளிந்தது. உருவிய பழைய அட்டைகளைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டினார்.

"அதை எங்க கொண்டுபோறீங்க?" என்றார் டீச்சர்.

"உடைச்சுப் போட்டுருவோம்மா. தப்பு அட்டை."

"தப்பா? பேருதான் தப்பு." டீச்சர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். "ஏட்டி ஆண்டாளு, இங்க வா. அந்த நாலு மூணு பாட்டைப் பாடு."

அவருடைய குருவிடம் படித்த ஒரு பழைய பாட்டாம். அதில் நாலு முதலில் வரும், மூன்று பிறகு வரும். மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்டதுதான் அது; விலோமம் என்று பெயர். கை போட்டுச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் நடுவில் மூன்றுக்கு வழுக்கி விழுந்துவிடுவார்களாம். டீச்சர் பையைத் தானே அவிழ்த்து, என் பழைய அட்டை ஒன்றை எடுத்துச் செருகினார். ஆண்டாள் பல்பைப் பார்த்துக்கொண்டே பாடினாள். நாலு பச்சை, மூன்று சிவப்பு. டிங். நாலு பச்சை, மூன்று சிவப்பு. பாட்டு ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. பாடி முடித்து, "டீச்சர், இது நம்மளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

"சீட்டு அனுப்பின மறுநாள்தான் இவ கண்டுபிடிச்சா" என்றார் டீச்சர். "மிஸ்ர சாபுன்னு பேரு போட்டு வந்ததாலதான் எனக்குக் கோவம். பேரை மாத்திக் குடுங்க, பன்னெண்டையும் வச்சுக்கிடுதேன்."

ஐயா என்னைப் பார்த்தார். பட்டாளத்துக்காரர் அப்படி விழித்து நான் பார்த்ததில்லை. "அம்மா, அப்ப நான் இதை எப்படி எழுதிக்கிடட்டும்? சரியா, தப்பா?"

"ரெண்டுந்தான்" என்றார் டீச்சர்.

பேரை மாற்றி எழுத யாருடைய கையெழுத்து நல்லாயிருக்கும் என்று பார்த்தார்கள். ஐயாவுக்கு ‘த’வும் ‘வணக்க’மும்தான் அழகாக வரும். செல்வமேரி எழுதினால் அவளுக்கே புரியாது. பேனா என்னிடம் வந்தது. டீச்சர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, பன்னிரண்டு அட்டையிலும் ‘விலோமம்’ என்று எழுதினேன். ஏழாவது அட்டையில் வரி மேலே ஏறிப்போனது. டீச்சர் அதையும் வாங்கி மற்றவற்றோடு அடுக்கினார்.

சாயந்திரம் பட்டறைக்குத் திரும்பினோம். முதலாளி படியிலேயே நின்றிருந்தார்.

"பழைய அட்டை எங்க?"

"டீச்சர் தரமாட்டேன்னுட்டாங்க சார்."

"ஏன்?"

ஐயா டீச்சர் எழுதிய சீட்டைக் கொடுத்தார். புதிய அட்டைகள் சரி. பழைய அட்டைகளும் சரி. பழையதைப் போல் இன்னும் ஆறு வேண்டும். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். அம்மாவுக்கும் படித்துக் காட்டினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஐயாவின் மேசையில் அதன் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தப் பேச்சு நன்றாகப் புரிந்தது. ஐயா பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்கு முடிந்த வேலை எதுவும் என் மேசையில் இல்லை. சும்மா அழுத்தினேன்.

அதற்குப் பிறகு மிஸ்ர சாபுக்கும் விலோமத்துக்கும் ஒரே தாள்தான் வைத்திருந்தோம். முன்பக்கம் குங்குமம், பின்பக்கம் சந்தனம். ஐயா மூலையில் பெயரையும் இரண்டு பக்கமும் தமிழில் எழுதிவிட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை எனக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். செல்வமேரியிடம் கொடுத்தார்கள். அவள் பொட்டு வைக்கும் முன் ஒவ்வொரு சாமானையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மூஞ்சியா, முதுகாட்டி?" என்று என்னிடம் கேட்பாள். பத்து வருடம் கேட்டாள்.

இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் உண்டு. ஆர்டர் பன்னிரண்டா பதினாலா என்று இப்போது தடுமாறுகிறது. பன்னிரண்டு என்றே எழுதிவிட்டேன். ஆண்டாள் என்ற பிள்ளை பாடியதா, அவள் தங்கையா என்று நிச்சயமில்லை. ஐயா தூக்கை எடுத்தது பென்சிலுக்கு முன்னாலா பின்னாலா என்பதும் தெரியவில்லை. செல்வமேரியிடம் கேட்கலாம், தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள், ஆனால் முதலில் பேசியது தானென்று சொல்வாள், நம்பவேண்டாம். பாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது நாலும் மூன்றும் நான் சொன்னபடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயா இருந்தால் அவரே பார்த்திருப்பார். சுதா பாப்பா, அச்சுக்குக் கொடுக்கும் முன் நீ ஒரு தடவை பார். தப்பு எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பு. வேறொன்றும் எழுதவேண்டாம். எனக்குப் புரியும்.